போடியில பார்க் எங்க இருக்கு?

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி பேச்சுவாக்கில் "எங்க ஊருக்கு இப்போ சென்னையிலிருந்து நேரடி ட்ரெயின் இருக்கு, ஒரு தடவை வாங்க" என்று சொல்லிவிட்டேன். அதுக்கு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. "ப்ரோ, குழந்தைங்களோட வர்றோம். போடியில நல்ல பார்க் இருக்கா?" மிச்சம் இருந்தவர்கள் கேட்டது வேறு: "பறவை பார்க்க, காட்டுல நடக்க எங்க போகலாம்?"

ரெண்டு கூட்டத்துக்கும் நான் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன். "ஊரே பார்க்குதான், மலையைப் பாருங்க!" கேட்க நல்லா இருக்கும். ஆனா இந்தப் பதிலை நம்பி யாராவது கிளம்பி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை. போன டிசம்பர் கடைசியில் அப்படி ஒரு கூட்டம் என் வீட்டுக்கே வந்துவிட்டது. ஆபீஸ் நண்பன், அவன் மனைவி, ஆறு வயசுப் பொண்ணு, மூணு வயசுப் பையன். கூடவே எங்க டீம் லீட் அக்கா. அவங்க தீவிரமான பறவைப் பைத்தியம், கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் வாக்கிங்கூட போக மாட்டாங்க. அந்த மூணு நாளில் கத்துக்கிட்டதுதான் இந்த எபிசோட்.

முதல்ல ட்ரெயினைப் பத்தி ஒரு வரி. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 1928ல் வந்தது. அகலப்பாதை ஆக்குறோம்னு 2010 கடைசியில் நிறுத்தினாங்க. திரும்ப போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15. நான் ஒன்பதாவது படிக்கும்போது நின்ன ரயில், வேலைக்குச் சேர்ந்து அஞ்சு வருஷம் கழிச்சு வந்தது. இப்போ வாரத்துக்கு மூணு நாள் சென்னை சென்ட்ரல்ல ராத்திரி ஏறினால் காலையில் போடி. இறங்கினதும் எதிரே மலை நிற்கும். அங்கேதான் எல்லாரும் ஏமாறுறாங்க. அவ்வளவு பக்கத்தில் தெரியறதால, கிளம்பி நடந்தா போயிடலாம்போல இருக்கும்.

சென்னைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா கிண்டியை எடுத்துக்கலாம். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர், 1978ல் தேசியப் பூங்கா ஆனது. அதை ஒட்டியே சிறுவர் பூங்கா. ஊஞ்சல், கழிப்பறை, டிக்கெட் கவுன்ட்டர், ஐஸ்கிரீம் எல்லாம் சிறுவர் பூங்கா பக்கம். வெளிமானும் புள்ளிமானும் சுத்துற உள்காடு வேலிக்கு அந்தப் பக்கம், அனுமதி இல்லாம நுழைய முடியாது. அந்த ஒரு வேலிதான் எல்லா வேலையையும் பார்க்குது. குழந்தை ஓடினாலும் வேலி வரைக்கும்தான் ஓடும். மானும் வேலி வரைக்கும்தான் வரும். நாம யாரும் அதைக் கவனிக்கிறதுகூட இல்லை.

போடியில் அந்த வேலி கிடையாது. ஊர் முடியுது, மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வருது, அப்புறம் சரிவு, புல், காடு, அதுக்கும் மேல ஏலத்தோட்டம். எங்க நிறுத்தணும்னு யாரும் கோடு போட்டு வைக்கல. நாமளேதான் போட்டுக்கணும்.

முதல் நாள் அதனால கோடு போட்ட இடத்துக்கே போனோம். வைகை அணை. போடியிலிருந்து தேனி தாண்டி, ஆண்டிபட்டி பக்கம், கார்ல ஒரு மணி நேரம். 1959ல் திறந்த அணை. உயரம் 111 அடி, தண்ணீர் தேக்கறது 71 அடி வரைக்கும். எங்க மாவட்டத்துல பார்க்குன்னா மூணு தலைமுறையா அதுதான். பள்ளிக்கூடச் சுற்றுலா, புதுமாப்பிள்ளை விருந்துக்குப் பிறகு போற இடம், காதுகுத்து முடிஞ்ச மறுநாள் போற இடம், எல்லாமே இது. ஆத்துக்கு ரெண்டு கரையிலும் பூங்கா, நடுவில் பாலம். பெயின்ட் உரிஞ்ச சிலைகள், சறுக்கு, மர நிழலில் விரிச்ச ஜமுக்காளம், தூக்குவாளியில் புளிசோறு. கழிப்பறை பத்தி நான் பெருசா எதுவும் சொல்லப் போறதில்ல, ஆனா இருக்கு. மூணு வயசுப் பையனோட வர்றவங்களுக்கு அந்த 'இருக்கு' எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

பொண்ணு சறுக்குல பதினேழு தடவை சறுக்கினாள். அக்கா அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துட்டு, நீர்க்காகம் பார்க்கப் போறேன்னு தனியா கிளம்பிட்டாங்க. திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது, நாங்களும் வறுத்த மீன் சாப்பிட்டு முடிச்சிருந்தோம். அன்னைக்கு யாருக்கும் யார் மேலயும் கோபம் இல்லை. குடும்பமும் இயற்கை ஆர்வலரும் ஒண்ணா கிளம்பறவங்களுக்கு என்னோட முதல் அறிவுரை இதுதான்: ஒண்ணா போங்க, ஒண்ணாவே இருக்கணும்னு அடம் பிடிக்காதீங்க.

ரெண்டாவது நாள் குரங்கணி. இங்கேதான் கொஞ்சம் நிறுத்திப் பேசணும்.

போடியிலிருந்து மேற்கே சுமார் 16 கிலோமீட்டர். கொட்டகுடி ஆத்தை ஒட்டியே ரோடு போகும். குரங்கணிக்கு நேர் மேல, கேரள எல்லையில் டாப் ஸ்டேஷன், சுமார் 1,700 மீட்டர் உயரம். மூணாறு போறவங்க எல்லாரும் போட்டோ எடுக்கிற அதே டாப் ஸ்டேஷன்தான். எதுக்கு 'ஸ்டேஷன்'னு பேர் வந்துச்சுன்னு பல பேருக்குத் தெரியாது. மூணாறு தேயிலையை வெளியே அனுப்ப 1902ல் ஒற்றைத் தண்டவாளத்துல ஒரு ரயில் ஓட்டினாங்க, மாடு இழுத்துச்சு. 1908ல் அதைக் குறுகிய ரயில்பாதையா மாத்தினாங்க. அந்தப் பாதை முடியற இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டி ரோப்வேயில் சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் மாட்டு வண்டியில் போடிக்கு. சரிவு நடுவில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்'னு ஒரு குட்டி ஊரே இருக்கு. 1924 வெள்ளத்துல மேல இருந்த ரயில் அடிச்சுட்டுப் போச்சு. நாலு வருஷம் கழிச்சு கீழ போடிக்கு ரயில் வந்துச்சு. எங்க ஊர் ரயில் ராசி அப்படி.

இந்தக் கதையை நான் சொல்லி முடிச்சதும் நண்பன் கேட்டான். "அப்போ அந்த சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் போயிட்டு வரலாமா? பசங்களைத் தூக்கிக்கறேன். பக்கத்துலதானே தெரியுது, யார் கேட்கப் போறா?"

யார் கேட்கப் போறா. இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கேன். 2018 பிப்ரவரி, இன்ஜினியரிங் கடைசி வருஷம். நான்தானே உள்ளூர்க்காரன், அதனால கிளாஸ்மேட் ஒன்பது பேரைக் கூட்டிட்டு இதே குரங்கணியிலிருந்து ஏறினேன். அனுமதி வாங்கல. வழிகாட்டி கிடையாது. ஆளுயரப் புல், காய்ஞ்சு பொன்னிறமா, காத்துல அலை மாதிரி. வளைச்சு வளைச்சு வீடியோ எடுத்தோம். ஒருத்தன் சிகரெட் பிடிச்சான், நான் ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் இறங்கி, போடி பஸ் ஸ்டாண்டுல பரோட்டா சாப்பிட்டுட்டுப் போயிட்டோம்.

மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அதே மலையில் தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது மாட்டிக்கிட்டாங்க. மொத்தம் 23 பேர் இறந்தாங்க. பலருக்கு அப்போ என் வயசுதான். சத்தம் கேட்டு முதல்ல ஓடிப் போனது மலையடிவார ஜனங்கள். போர்வையில் டோலி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. அன்னைக்கு ராத்திரி எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல ஒன்பது பேரும் டைப் பண்ணிட்டே இருந்தோம், ஒருத்தரும் எதுவும் அனுப்பல.

ஏன் அப்படி ஆச்சுன்னு நான் பல நாள் படிச்சேன். மூணு விஷயம் ஒண்ணா சேருது.

முதல்ல மழை. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் மோதி, உச்சியிலேயே கொட்டித் தீர்த்துடும். எங்க பக்கம் வர்றது வெறும் காத்து. ஆடி மாசம் போடியில் துணி காயப்போட்டா பக்கத்துத் தெருவுல போய் எடுக்கணும், ஆனா மழை இருக்காது. எங்களுக்கு மழை அதிகம் ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போ புல் ஆளுயரம் வளரும், தை தாண்டினால் காயும், மாசி–பங்குனியில் காகிதம் மாதிரி ஆயிடும்.

அடுத்தது சரிவு. சமதரையில் தீயும் சூடும் மேலே போகும். சரிவுல தீயோட நாக்கு, முன்னாடி இருக்கிற புல் மேலயே படுத்துக்கும். பத்தறதுக்கு முன்னாடியே அந்தப் புல்லைக் காயவெச்சுடும். ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் தீயோட வேகம் ஏறத்தாழ ரெண்டு மடங்காகும்னு ஆஸ்திரேலியக் காட்டுத்தீ ஆராய்ச்சியில் ஒரு தோராயக் கணக்கு இருக்கு. 30 டிகிரி சரிவுன்னா எட்டு மடங்கு. நம்ம வேகம் அதே சரிவுல பாதியாகும். எக்ஸ்பொனென்ஷியல்னா என்னன்னு எனக்கு எந்த அல்காரிதம் கிளாஸும் இப்படிப் புரியவெச்சதில்லை.

கடைசியா ஓடை. ரெண்டு சரிவு சேர்ற இடுக்கு, புகைபோக்கி மாதிரி சூட்டையும் காத்தையும் இழுக்கும். பயந்தவங்களுக்கு அதுதான் ஒளிஞ்சுக்க நல்ல இடமா தெரியும். காஞ்ச புல் நிறைஞ்ச ஓடைக்குள்ள இறங்கறது ரொம்ப ஆபத்து. வெறும் பாறை, ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச தரை, புல் இல்லாத இடம், இதைத்தான் தேடணும். தீக்கு மேல் பக்கமா ஓடவே கூடாது. பகல்ல மலைக்காத்தும் கீழிருந்து மேல்நோக்கித்தான் அடிக்கும், அதையும் சேர்த்துக்கோங்க.

இதையெல்லாம் நண்பன்கிட்ட ஆத்தங்கரையில் உட்கார்ந்து சொன்னேன். டிசம்பர்ல புல் இன்னும் பச்சையாத்தான் இருந்தது, தீ பயம் அன்னைக்கு இல்லை. ஆனாலும் 'யார் கேட்கப் போறா'ங்கிற பழக்கம் மாசம் பார்த்து வராது. அவன் பதில் பேசல. பையனை இறக்கிவிட்டு, செருப்பைக் கழட்டி, கொட்டகுடி ஆத்துல காலை வெச்சான். அன்னைக்கு எங்க பார்க் அந்த ஆத்தங்கரைதான். பாறையில் குழந்தைங்க கூழாங்கல் அடுக்கினாங்க. தண்ணி முழங்காலுக்குக் கீழ. மேல மலையில் மழை பெய்தால் இந்த ஆறு சட்டுன்னு பெருகும், அதனால வானம் மேற்கே கறுத்தா கரையேறிடணும்னு டீக்கடை அண்ணன் ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனார்.

அக்கா மட்டும் மேல போனாங்க, முறையா. தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கி மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தாங்க. அதுல ஒண்ணு குரங்கணி–சாம்பலாறு. ஆன்லைன்ல புக் பண்ணணும், பயிற்சி வாங்கின உள்ளூர்ப் பசங்க வழிகாட்டியா வருவாங்க, தீக்காலத்துல மூடிடுவாங்க. தேதி, வயசு வரம்பு எல்லாம் அந்தத் தளத்துலயே பார்த்துக்கோங்க, அடிக்கடி மாறும். சிலர் "காட்டுக்குள்ள நடக்கறதுக்கு காசா?"ன்னு கேட்கறாங்க. எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. இப்போ தோணல. கிண்டியில் வேலிக்கு நாம கொடுக்கிற காசுதான் இது. இங்க வேலிக்குப் பதில் ஒரு ஆள், அவ்வளவுதான் வித்தியாசம்.

குறிஞ்சி பார்க்கணும்னு கேட்டவங்களுக்கு ஒரு தகவல். 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற நீலக்குறிஞ்சி இந்த மலைகளில் கடைசியா பெரிய அளவில் பூத்தது அதே 2018ல், தீ நடந்து சில மாசத்துல. அடுத்தது 2030.

மூணாவது நாள் போடிமெட்டு. அன்னைக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன்.

அம்மா இருபத்திரண்டு வருஷம் ஏலத்தோட்டத்துல காய் எடுக்கப் போனவங்க. போடி, தேனி, கம்பம் பக்கமிருந்து தினமும் விடியறதுக்கு முன்னாடி ஜீப் ஜீப்பா பெண்கள் இடுக்கி மலைக்குக் கூலிக்குப் போவாங்க, சாயங்காலம் இறங்குவாங்க. இப்பவும்தான். நீங்க இந்த ரோட்டுல கார் ஓட்டிட்டு வந்தால் தயவுசெய்து இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும். வளைவுல நிறுத்தி செல்ஃபி எடுக்கக் கூடாது. பின்னாடி வர்ற ஜீப்புக்குள்ள நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அது சுற்றுலா கிடையாது, லேட்டா போனா கூலி போகும்.

தெரிஞ்சவர் தோட்டம் ஒண்ணுல முன்கூட்டியே கேட்டு, உள்ளே போனோம். இது முக்கியம்: ஏலத்தோட்டம் பார்த்தால் காடு மாதிரியே இருக்கும், ஆனா ஒருத்தரோட வயல். ஏலத்துக்குப் பாதிக்குப் பாதி நிழல் வேணும். அதனால பெரிய மரங்களை விட்டுவெச்சு, கிளையை மட்டும் கவாத்து பண்ணி, அடியில் செடி வெச்சிருப்பாங்க. நல்ல பூங்காவைவிட அழகா இருக்கும். நண்பன் மனைவி செடியோட உச்சியில் காயைத் தேடிட்டிருந்தாங்க. அம்மா சிரிச்சுட்டாங்க. "அங்கிட்டு எங்கம்மா பாக்குற? குனி."

காய் இருக்கிறது தரையில். தண்டோட அடியிலிருந்து சரம் சரமா மண் மேலயே படரும், பூவும் அங்கதான், தேனீ வர்றதும் அங்கதான். அதைக் குனிஞ்சு குனிஞ்சு, பழுத்ததை மட்டும் பார்த்து எடுக்கணும். அதே செடிக்கு சுமார் 40, 45 நாள் கழிச்சுத் திரும்ப வரணும், ஆடி–ஆவணியில் தொடங்கி தை மாசம் வரைக்கும் இப்படியே. அப்புறம் ஸ்டோர்ல ஒரு ராப்பகல் சூட்டுல காயவெச்சு, பச்சை நிறம் போகாம எடுத்து, சலிச்சு, தரம் பிரிச்சு, போடி ஏல மையத்துல கம்ப்யூட்டர்ல ஏலம் போகும். பாயசத்துல நாம ஓரமா ஒதுக்கிவைக்கிற அந்த ஒரு காய், குறைஞ்சது நாலு பேர் கைபட்டது.

பொண்ணு ஒரு பச்சைக் காயைப் பிச்சு வாயில் வைக்கப் போனாள். அம்மா ஒரே எட்டுல கையைத் தட்டிவிட்டாங்க. "மருந்து அடிச்சிருப்பாக தாயி." ஏலம் நிறைய பூச்சிமருந்து வாங்குற பயிர். தோட்டத்துக்குள்ள குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க, மருந்தடிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டுட்டு உள்ளே போங்க. எதையும் வாயில் வைக்க விடாதீங்க. வெளியே வந்ததும் கை கழுவுங்க. இதை எந்த ட்ராவல் ரீல்ஸ்லயும் நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு அங்கிருந்து மதிகெட்டான் சோலை போகணும்னு ஆசை. போடிமெட்டு தாண்டி பூப்பாறைப் பக்கம், கேரளத்தோட தேசியப் பூங்கா, 12.82 சதுர கிலோமீட்டர், கிண்டியைவிடக் கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. ஏலத்துக்காக ஆக்கிரமிச்ச இடங்களைக் காலி பண்ணி 2003ல் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. உள்ளே போனவன் மதி கெட்டு வழி தெரியாம நிப்பான்னு பேரிலேயே எழுதியிருக்கு. வனத்துறை அனுமதி இல்லாம நுழையற இடம் இல்லை, அதனால ரோட்டோரம் நின்னு பார்த்ததோடு சரி. அங்கிருந்து பக்கம்தான் சின்னக்கானல், அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரல்ல பிடிச்ச ஊர். ஒரு மாசம் கழிச்சு அது கம்பம் டவுனுக்குள்ளயே நடந்து வந்துச்சு. அதனால இந்தப் பக்கம் விடியற்காலையும் இருட்டினதும் நடைப்பயிற்சி வேண்டாம். பறவை ஏழு மணிக்கும் இருக்கும்.

திரும்பற வழியில் போடிமெட்டுல, கீழே பள்ளத்தாக்கு தெரியற திருப்பத்துக்குத் தள்ளி ஓரமா நிறுத்தினோம். மேகம் விலகி, போடி முழுசா தெரிஞ்சது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"ஏண்டா, நம்ம வீடு எங்கிட்டு இருக்கு?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. இருபத்திரண்டு வருஷம் இதே ரோட்டுல போனவங்க. அப்புறம் கணக்குப் போட்டேன். ஏறும்போது இருட்டு. இறங்கும்போது ஜீப்போட பின்பக்கம், பதினஞ்சு பேருக்கு நடுவுல, முந்தானையை மூஞ்சியில் போட்டுத் தூக்கம். நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

அக்கா பைனாகுலரைக் கழட்டி அம்மா கழுத்தில் மாட்டி, ஃபோகஸ் பண்ணக் காட்டிக் கொடுத்தாங்க. முதல்ல ரயில்வே ஸ்டேஷன் கிடைச்சது. அங்கிருந்து கோயில், கோயில்ல இருந்து தண்ணி டேங்க், டேங்க்ல இருந்து எங்க தெரு. வீடு கிடைக்கல, நடுவுல ஒரு வேப்பமரம் மறைச்சது. அது எங்க வேப்பமரம்தான்னு அம்மா அடிச்சுச் சொன்னாங்க. அதுக்குள்ள சாயங்கால ஜீப்புகள் இறங்க ஆரம்பிச்சிருந்தது. ஒண்ணு வேகம் குறைச்சு ஹார்ன் அடிச்சது. உள்ளேயிருந்து ஒரு குரல்: "என்னக்கா, பைனாகுலரு எல்லாம் பலமா இருக்கு!"

அம்மா கண்ணை எடுக்காமலே கையை மட்டும் ஆட்டினாங்க.